அறிமுகமில்லாத பெண்குரல்

அந்தப் பைய என் மடியில வைம்மா. பரவால்ல, வை. பிள்ளையையும் பிடிச்சுக்கிட்டு பையையும் பிடிச்சுக்கிட்டு நீ எப்படி உக்காருவ. உள்ள என்ன, எக்ஸ்ரேயா? ஸ்கேனா. சரி, மடங்காம வச்சுக்கிடுதேன்.

எனக்கு இந்தக் கவரு தெரியும். பச்சைக் கவரு, மூலையில குழந்தைப் படம் போட்டது. அந்த ஆஸ்பத்திரியிலதான் நான் பத்தொம்பது வருசம் இருந்தேன். நர்சு. ஞானசெல்வின்னு பேரு. அங்க ஞானம் சிஸ்டர்னாத்தான் தெரியும். இப்ப அங்க இல்ல. ஆலங்குளத்துல ஒரு கிளினிக்கு, ஊசி போடுதேன், கட்டுப் போடுதேன், டாக்டர் லேட்டா வந்தா சனத்துக்குச் சமாதானம் சொல்லுதேன். தென்காசியில இருந்து தினம் இந்த பஸ்ஸுதான்.

பிள்ளைக்கு என்ன, டான்சிலா? அதுக்கெல்லாம் பயப்படாத. இன்னைக்கு அட்மிஷன் போடுவாங்க, நாளைக்குக் காலையில முதல் ஆளா கூப்பிடுவாங்க. சின்னப் பிள்ளைகளத்தான் முதல்ல எடுப்பாங்க, பட்டினி கிடக்குமேன்னு. பேரென்ன? தர்ஷிகா. நாலு வயசா? ம்.

ஆபரேஷன் ஒண்ணுமே இல்லம்மா. முழிக்கிறதுதான் பாடு.

பயமுறுத்துததா நெனைக்காத. தெரிஞ்சுக்கிட்டாத்தான் நல்லது. இந்த வயசுப் பிள்ளைகளுக்கு மயக்கம் தெளியும்போது புத்தி ஒரு பக்கம் இருக்கும், உடம்பு ஒரு பக்கம் இருக்கும். கண்ணு திறந்திருக்கும், ஆனா பாக்காது. கையக் கால உதறும், கட்டில்ல தலைய முட்டும், கையில மாட்டியிருக்க ஊசியப் பிடுங்கும். ஒரு அழுகை அழும் பாரு, வீட்டுல நீ கேட்டிருக்கவே மாட்ட அந்த அழுகைய. வலியில அழுவுததில்ல அது. எங்க இருக்கோம்னு தெரியாம அழுவுதது. பத்து நிமிசம், இருவது நிமிசம், பெறகு தானா அடங்கிரும். அடங்கினதும் ஒண்ணும் ஞாபகம் இருக்காது, ஜூஸ் கேக்கும்.

அந்தப் பத்து இருவது நிமிசத்துக்குத்தான் நான். ஆபரேஷன் தியேட்டருக்கும் வார்டுக்கும் நடுவுல ஒரு ஹாலு, ஆறு கட்டிலு. முழிக்கிற ரூம்னு சொல்லுவோம். பத்தொம்பது வருசத்துல பதினாறு வருசம் அந்த ரூம்தான்.

நான் பாடுவேன்.

சிரிக்காத. கோயில்ல கொயர்ல, பாட்டுக் குழுவுல பாடினவதான் நான், பாளையங்கோட்டையில நர்சிங் படிக்கும்போது. முதல்ல ஒரு நாள் மூணு பிள்ளைக ஒண்ணா முழிச்சு ஒண்ணா கூப்பாடு போட்டுச்சு. எனக்கு ரெண்டு கைதான. என்ன செய்யன்னு தெரியாம வாயில வந்தத பாடினேன். தாலாட்டு இல்ல. தாலாட்டு தூங்க வைக்கிறதுக்கு. இது முழிக்க வைக்கணும்லா. அதுக்கு யாரு பாட்டு வச்சிருக்கா? நானே கட்டினேன். ஆத்துல குளிச்சுட்டுப் படியேறி வார பிள்ளையக் கூப்பிடுத மாதிரி.

பைய வா, பைய வா, படி ஈரமா இருக்கு.
கையப் பிடி, கையப் பிடி, கடைசிப் படி வந்தாச்சு.

அவ்வளவுதான். இதையே திருப்பித் திருப்பி. கட்டிலுக்குக் கட்டில் போயி, நெஞ்சுல ஒரு கைய வச்சு. பிள்ளைக அடங்கும். நான் பாடி அடங்காத பிள்ளை இல்லன்னு தியேட்டர்ல ஒரு பேச்சே உண்டு. ரொம்ப ஆட்டம் போட்டா ஒரு ஊசி எழுதியிருப்பாங்க, அதையும் போடுவேன், போட்டுட்டுப் பாடுவேன். ஆனா ஊசி வேற, பாட்டு வேற. பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்குத் தெரியும்.

அம்மாவா? அம்மாவ உள்ள விட மாட்டோம். அப்ப அதுதான் சட்டம். கிருமி இருக்கு, கூட்டம் கூடும், பிள்ளை உதறுதத பாத்து அம்மாவே மயங்கி விழுந்தா அவள யாரு தூக்க? கதவுக்கு வெளிய பெஞ்சு போட்டிருந்தோம். சில பேரு கதவத் தட்டுவாங்க. உள்ள பிள்ள அம்மா அம்மான்னு கத்தும், வெளிய அவ தட்டுவா. நான் போயி சொல்லுவேன், நீ தட்டத் தட்ட அது கூடக் கொஞ்சம் அழும், கொஞ்சம் பொறு, நான் பாத்துக்கிடுதேன்னு. சொன்னாக் கேப்பாங்க. கடையநல்லூர்க்காரி ஒருத்தி மட்டும் கதவுக்கு அடியில விரல விட்டுக்கிட்டுத் தரையில படுத்தே கிடந்தா. அவ விரல மிதிச்சிரக் கூடாதேன்னு நான் சுத்திச் சுத்திப் போனேன். அப்படியெல்லாம் பாத்துப் பாத்துத்தான் இருந்தேன் நான்.

இப்ப நாலு வருசத்துக்கு முன்ன ஒரு டாக்டரம்மா வந்தாங்க. மயக்க டாக்டர். சங்கரகோமதின்னு பேரு, சின்ன வயசு, முப்பத்தஞ்சு கூட இருக்காது. வந்த முதல் வாரமே சுவரோரமா நின்னு நான் பாடுததக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பெறகு கேட்டாங்க, “சிஸ்டர், இது நெசமாவே வேலை செய்யுதா, இல்ல நமக்கு அப்படித் தோணுதா?”

நான் சொன்னேன், “நீங்கதான் பாத்தீங்களே டாக்டர்.”

“பாத்தேன். ஆனா அளந்து பாக்கணும். அளந்து எழுதிட்டோம்னா எல்லா ஆஸ்பத்திரியிலயும் செய்வாங்க. உங்க பாட்ட உலகமே கேக்கும்.”

உலகமே கேக்கும். இந்த வார்த்தைதாம்மா. நான் கேட்டேனா? நானா போயி என் பாட்ட அளங்கன்னு சொன்னேன்?

ஒரு ஞாயித்துக்கிழமை டாக்டர் ரூம்ல ஃபேன நிப்பாட்டி, ஜன்னலச் சாத்தி, போர்வையத் தொங்கவிட்டு என்னப் பாட வச்சு பதிஞ்சாங்க. வேர்த்துக் கொட்டுது. ஏழு தடவ பாடினேன். பக்கத்துல தண்ணியப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு, ஜெபக்கனி. அவளப் பத்தி சொல்லணும். எங்க ரூம்ல சின்ன நர்சு, நாசரேத்துப் பக்கம். வேலைக்கு வந்தப்ப ஊசி மருந்து எடுக்கக் கூடத் தெரியாது அவளுக்கு. கையப் பிடிச்சு சொல்லிக் கொடுத்தது நான். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கலன்னு ரெண்டு மாசம் என் வீட்டுல தின்னா. எனக்கு மகள் இல்ல. ஒரு மகன்தான், அவனும் தூத்துக்குடியில என் தங்கச்சி வீட்டுலயே வளந்தான், என் டியூட்டிக்கு வேற வழியில்ல. அதனால இவள நான் மகள் மாதிரின்னு சொன்னாத் தப்பில்ல.

எப்படி அளந்தாங்கன்னு சொல்லுதேன், கேளு. தியேட்டர்லயே, பிள்ளை மயக்கத்துல இருக்கும்போதே காதுல ஹெட்போன மாட்டி அனுப்பிருவாங்க. மூணு விதம். ஒண்ணுல ஒரு சத்தமும் வராது. ஒண்ணுல என் பாட்டு. ஒண்ணுல வேற ஒண்ணுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வேற ஒண்ணுன்னா என்னன்னு நான் கேக்கல. வீணையோ புல்லாங்குழலோன்னு இருந்துட்டேன். எந்தப் பிள்ளைக்கு எது ஓடுதுன்னு முழிக்கிற ரூம்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. நான் வாயத் திறந்து பாடவும் கூடாது. பிள்ளையப் பாத்து மார்க் போடணும். கண்ணப் பாக்குதா, சொன்னது கேக்குதா, உதறுதா, தேத்தினாத் தேறுதான்னு. மொத்தம் இருவது. மார்க்கு கூடினா மோசம்.

மார்க் போட்டது யாருன்னு நெனைக்க? நான்தான். “உங்க அளவுக்கு இந்தப் பிள்ளைகள தெரிஞ்சவங்க யாரு இருக்கா சிஸ்டர்”னு பேனாவ என் கையில கொடுத்தாங்க.

எட்டு மாசம். நூத்தம்பது பிள்ளைகளுக்கு மேல. பாடாம நிக்கிறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது. பாட்டு வாய் வரைக்கும் வந்துரும். ஆனாலும் நின்னேன். மார்க்க நேர்மையாப் போட்டேன், அதுல ஒரு குறை சொல்ல முடியாது. பிள்ளை காதுல ஹெட்போன் இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சுபோகும், இது என் பாட்டுக் கேக்குத பிள்ளைன்னு. சில பிள்ளைக கண்ணத் திறக்கும், அப்படியே மேல பாத்துக்கிட்டு இருக்கும், கை மட்டும் லேசா எதையோ தேடும், உதட்டோரம் ஒரு அசைவு. அழவே அழாது. அத பாத்தா எனக்குக் கண்ணு கலங்கிரும். மூணு, நாலு, அஞ்சுன்னு போடுவேன் அதுகளுக்கு. நம்ம பாட்டுன்னு நெனைச்சுக்கிடுவேன். வீட்டுக்காரர்கிட்ட கூடச் சொன்னேன், இன்னைக்கு என் பிள்ளைக நாலு பேருன்னு.

அந்தச் சமயத்துலதான் என் மகனுக்குக் குடல்வால் ஆபரேஷன். தூத்துக்குடியில. பத்தொம்பது வயசு அப்ப. லீவு போட்டுட்டு ஓடினேன். முழிக்கும்போது பக்கத்துல நான் இருக்கேன், அவன் கண்ணத் திறந்து சித்தி எங்கன்னு கேட்டான். மயக்கத்துல பேசுததெல்லாம் கணக்கில்லம்மா. இத்தன வருசம் பாத்தவ நான், எனக்குத் தெரியாதா. சும்மா ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்.

பாவூர்சத்திரம் தாண்டிட்டோமா? தாண்டியாச்சு. பிள்ளைக்கு வெயிலடிக்குது பாரு, துணிய இழுத்து விடு.

எட்டு மாசம் முடிஞ்சு ஒரு நாள் மத்தியானம் மேல ஹால்ல கூட்டம். எல்லா டாக்டரும், நர்சுமாரும், மேனேஜர் வரைக்கும். நான் மெரூன் கலர் பட்டு கட்டிக்கிட்டுப் போனேன். என்னப் பாடச் சொன்னாலும் சொல்லுவாங்கன்னு காலையில இருந்து வெந்நிதான் குடிச்சேன்.

திரையில படம் போட்டு சங்கரகோமதி டாக்டர் பேசுதாங்க. மூணு கம்பம் மாதிரி. முதல் கம்பம் உசரமா, சத்தம் வராதது, சராசரி மார்க்கு பதினாலு. ரெண்டாவது கம்பம், அதவிடக் கொஞ்சூண்டு சின்னது, பதினொண்ணு. மூணாவது, இம்புட்டுதான், ஆறு. நான் பக்கத்துல இருந்தவகிட்ட சொன்னேன், அந்தச் சின்னதுதான் என் பாட்டுன்னு. சத்தமாவே சொன்னேன்.

அந்த மூணாவது கம்பத்துக்குக் கீழ எழுத்து வந்துச்சு. “தாயின் குரல்.”

கேட்டியா? முந்தின நாள் சாயங்காலம் வார்டுக்குப் போயி ஒவ்வொரு அம்மாகிட்டயும் ரெண்டு நிமிசம் பேச வச்சு போன்ல பதிஞ்சிருக்காங்க. பாடத் தெரியுமோ தெரியாதோ, பேசினாப் போதும். அதையும் போட்டுக் காட்டினாங்க ஹால்ல. ஒருத்தி பேசுதா, “ஏ ராசாத்தி, சோறு ஆறிப்போவுது, வா. செருப்பு எங்கன விட்ட? வா, அம்மா இங்கதான் இருக்கேன்.” அவ்வளவுதான். இதுல ராகம் உண்டா, தாளம் உண்டா? பின்னால வார்டுல எவனோ இருமுத சத்தம் வேற. இதுக்கு ஆறு. என் பாட்டுக்கு பதினொண்ணு. போட்டது என் கை. நான் என் பிள்ளைக என் பிள்ளைகன்னு கண்ணு கலங்கினேனே, அதுக அத்தனையும் செருப்பு எங்கன விட்டங்கிற அம்மா குரலத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு.

அந்த ரெண்டாவது கம்பத்துக்குக் கீழ என்ன எழுதியிருந்தாங்கன்னு நெனைக்க? ஞானசெல்வின்னு இல்ல. ஞானம் சிஸ்டர்னு இல்ல. “அறிமுகமில்லாத பெண்குரல்.”

பதினாறு வருசம், அந்த ரூம்ல.

வார்டுல போயி அம்மாமாருகிட்ட பதிஞ்சது யாருன்னு சொல்லு பாப்போம். ஜெபக்கனி. எட்டு மாசம் என் பக்கத்துல உக்காந்து டிபன் பாக்ஸத் திறந்து என் குழம்ப ஊத்தித் தின்னுட்டு, சாயங்காலம் போயி அந்த வேலை பாத்திருக்கா. கூட்டம் முடிஞ்சதும் படிக்கட்டுல வச்சுப் பிடிச்சேன். “ஏட்டி, ஒரு வார்த்த சொன்னியா எனக்கு?”

அழுதா. “சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சத்தியம் வாங்கிட்டாங்க சிஸ்டர். உங்களுக்குத் தெரிஞ்சா மார்க் மாறிரும்னு.”

“நான் மார்க்க மாத்துவேனா?”

அவ கண்ணாடியக் கழட்டித் துடைச்சுக்கிட்டே கீழ இறங்கிட்டா. அத நான் இன்னும் மறக்கல.

டாக்டர்கிட்டயும் போனேன். அவங்க எந்திச்சு நின்னாங்க, உக்காரச் சொன்னாங்க, மரியாதைக்கு ஒண்ணும் குறைவில்ல. “சிஸ்டர், உங்க பாட்டும் சும்மா இல்ல, ஒண்ணுமில்லாததுக்கு அது எவ்வளவோ மேல். நீங்க இல்லன்னா இந்த யோசனையே எனக்கு வந்திருக்காது. கட்டுரையில நன்றி சொல்லி உங்க பேர் போட்டிருக்கேன்”னாங்க. காட்டினாங்க. கடைசிப் பக்கத்துல, கம்ப்யூட்டர் ரிப்பேர் பாத்தவன் பேருக்கு அடுத்தாப்ல.

“அப்ப அந்தக் கதவு?”ன்னு கேட்டேன்.

“கதவத் திறந்துருவோம் சிஸ்டர். ஒரு பிள்ளைக்கு ஒரு அம்மா. கவுன் போட்டு, தொப்பி போட்டு. அந்த அம்மாமாருக்குச் சொல்லிக் கொடுக்க நீங்கதான் வேணும். எப்படி நிக்கணும், எப்படித் தொடணும், எப்பப் பேசணும். உங்களுக்குத்தான் தெரியும்.”

பாத்தியா? நான் பதினாறு வருசம் வெளிய நிப்பாட்டி வச்சவங்க கையில என் வேலையக் கொடுத்துட்டு, நீயே சொல்லியும் கொடுன்னா என்ன அர்த்தம்? மாட்டேன்னுட்டேன்.

அடுத்த வாரமே கதவு திறந்தாச்சு. அம்மாமாரு வந்தாங்க. ஒருத்தியும் மயங்கி விழல, அதையும் சொல்லிருதேன். நான் மருந்து அலமாரிப் பக்கம் நின்னுக்கிட்டு டியூட்டி பாத்தேன். வாயத் திறக்கல. ஒண்ணு ரெண்டு பேரு கேட்டாங்க, ஏன் சிஸ்டர் பாட மாட்டேங்கீங்கன்னு. தொண்ட சரியில்லன்னேன்.

அப்படியே மூணு வாரம் போச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை, வள்ளிமயில்னு ஒரு பிள்ளை. அஞ்சு வயசு, கை முறிஞ்சு கம்பி வச்சாங்க. அவ அம்மா வேற ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குப் படுத்திருக்கா, வர முடியாது. குரலும் பதியல, அவசரக் கேசு. அப்பாதான் வந்திருந்தாரு, லாரி ஓட்டுதவரு, கவுன மாட்டிக்கிட்டு மூலையில நிக்காரு. பிள்ளை முழிச்சுது. முழிச்சதுன்னா சாதாரணமா இல்ல. நான் பாத்ததுலயே அது மாதிரி நாலஞ்சுதான் இருக்கும். கட்டோட கைய வச்சு கட்டில அடிக்குது. அம்மா, அம்மான்னு ஒரே அழுகை. அப்பா கிட்ட வந்தா எட்டி மிதிக்குது.

ஜெபக்கனி என்னப் பாத்தா. “சிஸ்டர், ஒரு தடவ பாடுங்க. அவ அம்மா இங்க இல்ல.”

நான் போர்வை மடிச்சுக்கிட்டு இருந்தேன். சொன்னேன், “அறிமுகமில்லாதவ பாடி என்ன ஆகப்போவுது. டாக்டர ஊசி எழுதி அனுப்பச் சொல்லு.”

“சிஸ்டர், கெஞ்சிக் கேக்கேன்.”

நான் மடிச்சுக்கிட்டு இருந்தேன். பிள்ளை ஊசியப் பிடுங்கிருச்சு. ரத்தம் போர்வையில தெறிச்சுது, அப்பாவோட கவுன்ல தெறிச்சுது. அந்த ஆளு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்காரு, எங்க தொடன்னு தெரியாம. ஜெபக்கனி ஒரு கையால ரத்தத்த அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, பாட ஆரம்பிச்சா.

என் பாட்ட. பைய வா, பைய வா, படி ஈரமா இருக்கு. அவளுக்குப் பாட வராது, சுதி சேராது, ஜெபக்கூட்டத்துல கூட வாயத்தான் அசைப்பா. என் முன்னாலயே, என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம. கொஞ்ச நேரத்துல அந்த லாரிக்காரரும் கூடச் சேந்து சொல்லுதாரு, பாட்டா இல்ல, பேசுத மாதிரி, கையப் பிடி தாயி, கையப் பிடின்னு. பிள்ளை அடங்கிச்சு. சட்டுன்னு இல்ல, ரொம்ப நேரம் ஆச்சு. அப்பாவோட விரல ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு விக்கிக்கிட்டே படுத்திருந்துச்சு.

அவ என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. பாட்ட எடுத்துக்கிட்டா, பாத்துக்கோ. குரல் வேண்டாம்னு சொன்னாங்க, சரி, பாட்டாவது என்னுதுன்னு இருந்தேன். அதையும் எடுத்துக்கிட்டா. அன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டேன், வேலைய விடுதேன்னு. யாரும் என்னப் போகச் சொல்லல. டாக்டரம்மா வீட்டுக்கே வந்தாங்க, ஜெபக்கனி ரெண்டு தடவ வந்தா. நான் கதவத் திறக்கல.

இப்ப நீயே சொல்லு, எவ்வளவு பெரிய துரோகம் இது.

என்ன கேட்ட?

நான் ஏன் பாடலன்னா?

அதத்தான இவ்வளவு நேரமும் சொல்லிக்கிட்டு வாரேன். நீ பிள்ளையப் பாத்துக்கிட்டு இருந்துட்ட போல. அவங்க எனக்குச் செஞ்சத... சரி, விடு. அது சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும். அதுக்கும் எனக்கும் என்ன பகை. இப்ப அதுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது, அப்பமே சொன்னேன்லா, இந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. எனக்குத்தான் இருக்கு.

பைய இந்தா பிடி. ஸ்கேன் மடங்கல, பாத்துக்கோ. என் ஸ்டாப் வந்துட்டு.

நாளைக்கு உன்ன உள்ள விடுவாங்க. விடலன்னாக் கேளு, கேட்டு வாங்கு, பெஞ்சுல உக்காரச் சொன்னா உக்காராத. ஜெபக்கனின்னு ஒருத்தி இருப்பா, கண்ணாடி போட்டிருப்பா, கெட்டிக்காரிதான், பயப்படாத. என்னப் பாத்ததாச் சொல்லாத. அவ பாடினா, கடைசிப் படி வந்தாச்சுன்னு ஒரு இடம் வரும்லா, அங்க குரல் இறங்கணும். அவ ஏத்துதா. ஏத்தினா பிள்ளை இன்னும் படி இருக்குன்னு நெனைச்சுக்கிடும். அத மட்டும் அவகிட்ட... வேண்டாம், ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ போயி பிள்ளைகிட்ட பேசு. என்னத்தையாவது பேசு.

கொஞ்சம் வழி விடுங்கண்ணே, இறங்கணும்.